அமெரிக்காவிலும் ஒரு டில்லி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். எனக்குக் காற்று வேண்டாம், கேட்க ஒரு காது இருந்தால் போதும். சிதம்பரம் வரைக்கும்தானே? நானும் அங்கேதான் இறங்குகிறேன். சம்பந்தி வீட்டுக்கு. விருந்துக்கு இல்லை, சண்டைக்கு. காலையில் போன் பண்ணி, "உங்க பொண்ணு எங்க குடும்ப மானத்த அமெரிக்கா சட்டசபையில வச்சு ஏலம் விட்டுடுச்சு" என்று கத்தினார். போனில் சொன்னால் சரியாக வராது, நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். பஸ் போய்ச் சேருவதற்குள் யாரிடமாவது ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் நாக்குக்கு நல்லது. நீங்கள் அகப்பட்டீர்கள்.

என் பெயர் கலியமூர்த்தி. விருத்தாசலத்தில் ஆர்.எம்.எஸ். கலியமூர்த்தி என்றால் நாய்கூட வழி காட்டும். முன்பெல்லாம் ரயிலில் தபால் பெட்டி என்று ஒன்று போகுமே, ஓடுகிற ரயிலிலேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டுவோமே, அந்தப் பெட்டியில் வேலை. மத்திய அரசு ஊழியன். ஆனால் கொள்கை என்னவோ மாநில சுயாட்சி. சம்பளம் டில்லி, கோஷம் தமிழ்நாடு. "டில்லியே, எங்க ஊர நாங்க பாத்துக்கறோம், கைய எடு" என்று யூனியன் கூட்டத்தில் நான் குரல் கொடுத்தால் கடலூர் துறைமுகத்தில் கப்பல்காரன் திரும்பிப் பார்ப்பான்.

சிரிக்காதீர்கள். டில்லியைத் திட்டினாலும் அதன் பலம் எனக்குத் தெரியும். ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் ஒரு பெண்ணும் பையனும் ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏறிவிட்டார்கள். பின்னாலேயே பெண்ணின் அப்பன், அவனோடு ஒரு இன்ஸ்பெக்டர். நான் கதவில் கையை வைத்துக்கொண்டு, "சார், பிளாட்பாரம் வரைக்கும் உங்க ராஜ்யம். இந்தப் பலகைல கால் வச்சா ஜனாதிபதி மடியில கால் வச்ச மாதிரி" என்றேன். இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்துவிட்டுப் போனார். ஜோடியைத் தபால் மூட்டைக்கு நடுவில் உட்கார வைத்துத் திருச்சியில் இறக்கிவிட்டேன். அவர்களுக்குப் பிறந்தவன் இப்போது ஐ.ஜி. சரி, ஏட்டு. போலீஸ்தான், அதில் மாற்றமில்லை.

என் மகள் பெயர் வெற்றிச்செல்வி. நான் வைத்த பெயர். அங்கே வெள்ளைக்காரர்கள் வாயிலும் அவள் வெற்றிதான். மாப்பிள்ளை தியாகு, இந்தச் சம்பந்தியின் மகன். சாது. கம்ப்யூட்டருக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் தட்டுவார். இரண்டு பேரும் இருப்பது அமெரிக்காவில் தெற்கே ஒரு மாநிலம். கார் எல்லாம் லாரி அளவுக்கு இருக்கும், மனிதர்கள் தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுவார்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து வெற்றி உண்டாகியிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் பெண்ணைப் பெற்றவள்தான் விமானம் ஏறுவாள். என் வீட்டுக்காரி அதற்கு முன்னாலேயே வேறு ஊருக்குப் போய்விட்டாள், விசா கேட்காத ஊர். அதனால் நான் கிளம்பினேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப் பொடி இருக்கிறதே, சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாம் வறுத்து இடிப்பது, அதையும் நானே செய்து எடுத்துப் போனேன். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பொட்டலத்தைப் பிரித்து இது என்ன தூள் என்று கேட்டான். கொஞ்சம் நாக்கில் வை என்றேன். வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்து, அவனுடைய நாள்பட்ட சளி அங்கேயே அறுந்து, ஆறு மாதத்துக்கு முத்திரை குத்தி அனுப்பினான்.

அதெல்லாம் கிடக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் வெற்றி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். என்னை இல்லை, தியாகுவை. பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண்ணாடி மாளிகை சார், உள்ளே ஒரு நீர்வீழ்ச்சிகூட வைத்திருக்கிறார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பெயரைச் சொல்ல மாட்டேன், ரெபெக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் மூன்று விஷயம் சொன்னாள். தண்ணீர் எல்லாம் போய்விட்டது. இந்தக் குழந்தை பிழைக்க வழியில்லை. ஆனால் இதயம் துடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மூன்றாவதுதான் வினை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் தாய் தப்பிப்பாள். விட்டு வைத்தால் விஷம் ஏறும். ஆனால் அந்த மாநிலத்தில் அதற்குப் பெயர் கருக்கலைப்பு. செய்கிற டாக்டருக்கு ஜெயில். தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால் மட்டும் செய்யலாமாம். எவ்வளவு ஆபத்து வந்தால் ஆபத்து என்று சட்டத்தில் தெளிவாக இல்லை. அதனால் ரெபெக்கா என்ன சொன்னாள் தெரியுமா? வீட்டுக்குப் போங்கள், காய்ச்சல் அடித்தால், கெட்ட வாடை வந்தால், உடனே திரும்பி வாருங்கள். சொல்லும்போது அவள் வெற்றியின் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டில் கம்பியைப் பார்த்தாள்.

அதாவது சார், கூரையில் தீ பிடித்துவிட்டது, தீயணைப்பு வண்டி வாசலில் நிற்கிறது, ஆள் தண்ணீர்க் குழாயையும் கையில் பிடித்திருக்கிறான். உள்ளே இருப்பவர்கள் மேல் கொஞ்சம் தீ பட்டதும் சொல்லுங்கள், அடிக்கிறேன் என்கிறான்.

நான் சும்மா இருப்பேனா? என் இங்கிலீஷ் முழுக்க ஆபீஸ் இங்கிலீஷ். டீ வேண்டும் என்று கேட்கத் தெரியாது, ஆனால் விளக்கம் கேட்டு மெமோ எழுதுவேன். நம் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் வேலை செய்ய மாட்டேன் என்றால் அவனோடு வாதாடக் கூடாது. "எழுத்துல குடு" என்று கேட்க வேண்டும். வாயால் மாட்டேன் என்பவன் கையால் மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அந்த அஸ்திரத்தை எடுத்தேன். "டாக்டர், என் மகளுக்கு வைத்தியம் பார்க்க மறுக்கிறோம் என்று எழுதி, பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நான் அதை வாஷிங்டனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்" என்றேன்.

வாஷிங்டன் என்றதும் அறையில் காற்று நின்றது. ரெபெக்கா வெளியே போய் ஒரு டை கட்டின ஆளைக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியின் சட்ட ஆளாம். அவன் எனக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தான். வெற்றிக்குத் துக்கத்தை எப்படித் தாங்குவது என்று ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தான். படம் நன்றாக இருந்தது. எழுதிக் கொடுத்தானா? இல்லை. செய்தானா? அதுவும் இல்லை. நடுங்கிப் போய்விட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். டை கொஞ்சம் ஆடியது.

கிளம்பும்போது ரெபெக்கா வெற்றியின் கையிலிருந்து ஊசியை எடுத்தபடி குனிந்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று காரில் கேட்டேன். ஊசி போட்ட இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னாங்க என்றாள் வெற்றி. அவ்வளவு நேரமா அதைச் சொல்வார்கள்? போகட்டும்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையை உட்கார வைத்தேன். "மாப்ளே, இந்த நாட்டுக்கு மேல ஒரு டில்லி உண்டா இல்லையா? அது என்னதான் பண்ணுது?" என்றேன். பாவம், போனில் தேடிப் படித்துச் சொன்னார். மத்திய சட்டம் ஒன்று இருக்கிறதாம். அவசர சிகிச்சைக்கு வருகிறவரை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பக் கூடாது, நிலைமையைச் சரிசெய்துதான் ஆக வேண்டும். அப்படியானால் முடிந்தது கதை என்று துண்டை உதறினேன். முடியவில்லை மாமா என்றார். அந்தச் சட்டத்தில் இந்த வைத்தியம் அடங்குமா என்று மாநிலம் வழக்குப் போட்டிருக்கிறதாம். ஒரு கோர்ட் இழுக்க, இன்னொரு கோர்ட் தள்ள. வாஷிங்டனில் ஒரு ஆட்சி எழுதின விளக்கத்தை அடுத்த ஆட்சி கிழித்துப் போட்டுவிடுமாம். அப்புறம் கருவைக் கலைக்கிற மாத்திரை. மத்திய மருந்து இலாகா அனுமதித்த மாத்திரை, தபாலில் வரும். தபால் என்றதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது ஆரம்ப மாதங்களுக்குத்தானாம், வெற்றிக்கு இப்போது உதவாது.

"வேற?"

"வேற... மத்திய அரசு நிலத்துல ஆஸ்பத்திரி வைக்கலாம்னு சில பேர் எழுதியிருக்காங்க மாமா. ராணுவ முகாம், தேசியப் பூங்கா மாதிரி. மாநில எல்லை தாண்டி கடல்ல கப்பல்ல வைக்கலாம்னுகூட. எல்லாம் பேச்சுதான்."

பேச்சு என்று அவர் சொன்னார். எனக்குப் பேச்சாகப் படவில்லை. மத்திய அரசு நிலம் தேடிப் பூங்காவுக்கும் கடலுக்கும் எதற்குப் போக வேண்டும்? நான் தினமும் நடக்கப் போகிற வழியில், கோழிக் கடைக்குப் பக்கத்தில், ஒன்று இருக்கிறதே. தபால் நிலையம். வாசலில் கொடி, சுவரில் கழுகுச் சின்னம். அந்தத் தரை வாஷிங்டன் தரை.

மறுநாள் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த ஊரில் நடைபாதை கிடையாது. புல்வெளியில் நடக்கிறேன், கார்க்காரர்கள் எல்லாரும் யாரோ காணாமல் போன கிழவன் என்று பார்க்கிறார்கள். கவுண்டரில் இருந்தது ஒரு கறுப்பினப் பெண்மணி, நல்ல ஆகிருதி, லோரெட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நான் இன்ன இலாகா என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தேன், அதனால் என்னைப் பார்த்தால் சிரிக்கும். நான் என் ஆபீஸ் இங்கிலீஷில், "அம்மணி, உங்கள் பின்கட்டு அறையை ஒரு பகலுக்கு ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் வருவார். மாநிலப் போலீஸ் வந்தால் வாசலில் நான் நின்றுகொள்கிறேன், எனக்கு அனுபவம் உண்டு" என்றேன்.

அது சிரித்தது. அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கவுண்டரில் 'மூடியிருக்கிறது' பலகையை வைத்தது. வரிசையில் நின்ற தொப்பிக்காரர் முணுமுணுத்தார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயா, நான் தபால்தலை விற்கிறேன். நாட்டை விற்கவில்லை. இந்தக் கூரை ஒழுகுவதை அடைக்கவே எங்களுக்கு உத்தரவு வரவில்லை. இங்கே உங்கள் மகளை யார் காப்பாற்றுவார்கள்?" என்றது. பிறகு, "காய்ச்சல் வந்துவிட்டதா?" என்று கேட்டது.

இல்லை என்றேன்.

"அதற்காகக் காத்திருக்காதீர்கள். என் தங்கை மகள் காத்திருந்தாள்."

என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்காமல் விட்ட இடம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருக்கும். என்னைத் தன் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டது. பக்கத்து மாநிலத்தில் சட்டம் வேறு, எல்லை தாண்டிப் போவதை இன்னும் யாரும் தடுக்கவில்லை, போங்கள் என்றது.

புயல் மாதிரி உள்ளே நுழைந்தேன். "கெளம்புங்க எல்லாரும், பக்கத்து மாநிலம் போறோம்" என்றேன். நான் சொன்ன வேகம் அப்படி சார், ஒரு பையைக் கட்ட நேரம் எடுக்கவில்லை. பை ஏற்கெனவே கூடத்தில் கட்டி இருந்தது. காரில் தலையணைகூட வைத்திருந்தார் மாப்பிள்ளை. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பேசி, இடம் சொல்லி வைத்தாகிவிட்டது என்று வெற்றி சொன்னாள். என் வேகத்தைப் பார்த்துத்தான் எல்லாம் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சின்னத் தகராறு. எனக்கு மனசு கேட்கவில்லை. ஏன் ஓட வேண்டும்? உரிமை இருக்கிற இடத்தை விட்டு ஏன் திருடர்கள் மாதிரி எல்லை தாண்ட வேண்டும்? "நான் அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரி வாசல்ல உண்ணாவிரதம் உக்கார்றேன். மத்திய சட்டம் இருக்கு. வாஷிங்டன் பதில் சொல்லட்டும். கோட்ட விட்டா நாளைக்கு இன்னொருத்தி..." என்று ஆரம்பித்தேன்.

வெற்றி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்பா, சின்ன வயசுல என்னத் தோள்ல தூக்கிட்டுப் போய் கோஷம் போட வச்சீங்களே, என்ன கோஷம்?"

"எங்க ஊர நாங்க பாத்துக்கறோம்."

"அதயேதான் நானும் கேக்கறேன். இந்த மாநிலமும் வேணாம், வாஷிங்டனும் வேணாம், உங்க உண்ணாவிரதமும் வேணாம். இது என் உடம்பு, நான் பாத்துக்கறேன். கார்ல ஏறுங்க."

பார்த்தீர்களா, அரசியல் யாரிடம் கற்றுக்கொண்டது என்று.

நாள் முழுக்க ஓட்டம். அந்த மாநிலம் முடிகிற மாதிரியே தெரியவில்லை. பின் சீட்டில் அவள் தலை என் மடியில். தூங்கவிடக் கூடாது என்று கதை சொல்லிக்கொண்டே வந்தேன். உளுந்தூர்பேட்டை கதையைச் சொன்னேன், அதில் இன்ஸ்பெக்டர் எஸ்.பி. ஆனார், கடைசியில் கவர்னரே வந்து ஜோடிக்கு அட்சதை போட்டார். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும்பா என்றாள். பொட்டல் காட்டில் எண்ணெய்க் கிணற்று இயந்திரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் சாயும்போது கை சுட்டது. கார்க் கண்ணாடி வெயிலாக இருக்கும் என்று கையை எடுத்து என் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. மறுபடி அவள் நெற்றி. சுட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று மட்டும் கேட்டேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சாது அப்புறம் ஓட்டின ஓட்டம் இருக்கிறதே.

எல்லையில் ஒரு போலீஸ்காரன், ஆறரை அடி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, வண்டியை மறித்து... இல்லை. யாரும் இல்லை. ஒரு பலகை இருந்தது, நல்வரவு என்று. அதைத் தாண்டினோம். இந்தப் பக்கம் இருந்த அதே முள்செடிதான் அந்தப் பக்கமும். அந்தப் பக்கம் அவளுக்கு வைத்தியம் உண்டு, இந்தப் பக்கம் இல்லை. அவ்வளவுதான் சார் வித்தியாசம்.

அங்கே ஆஸ்பத்திரி சின்னது. நீர்வீழ்ச்சி எல்லாம் கிடையாது. வாசலிலேயே கட்டிலோடு வந்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் எங்களை வெளியே போகச் சொன்னாள். மாப்பிள்ளை போனார். நான் அப்பா என்றேன். வெளியே என்றாள். நான் இந்திய அரசின் ஓய்வுபெற்ற... வெளியே. கதவைச் சாத்திவிட்டு வெற்றியிடம் தனியாகக் கேட்டார்களாம், இது உன் முடிவா, யாராவது உன்னை வற்புறுத்துகிறார்களா என்று. எனக்கு ஒரே அவமானமாக இருந்தது. இத்தனை தூரம் போராடிக் கூட்டிவந்தவனை நடையில் நிறுத்திவிட்டு. யாராவது வற்புறுத்துகிறார்களா என்று ஒரு கேள்வியா? வற்புறுத்தினவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் சட்டப் புத்தகத்தோடு இருக்கிறார்கள்.

முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் கர்ப்பப்பையோடு அவளும் போயிருப்பாள் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். பெண் குழந்தை. பெயர் வைத்திருந்தார்கள், அதை நான் சொல்லப் போவதில்லை.

வீட்டுக்குத் திரும்பினதும் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்று உடம்புக்கு யார் சொல்வது? மாப்பிள்ளை படுக்கையறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பார். நான் என்ன செய்வேன்? பெட்டியைத் திறந்து அந்த மருந்துப் பொடியை எடுத்தேன். சூடான சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து கொண்டுபோனேன். "இது பிள்ளை பெத்தவங்களுக்குப்பா" என்றாள். "நீ பெத்தவதான், சாப்பிடு" என்றேன். சாப்பிட்டாள்.

சரி, இனி என்னை ஏன் ஆறு மாதம் முடியும் முன்னே திருப்பி அனுப்பினாள் என்பதைச் சொல்ல வேண்டும். குளிர்காலம் வருகிறது, எனக்கு ஆகாது என்றுதான் சொன்னாள். சம்பந்தி வேறு மாதிரிப் பேசித் திரிகிறார். விஷயம் இதுதான். அங்கே மாலையில் நம் ஊர்ப் பெற்றோர்கள் ஒரு கூட்டமாக நடப்பார்கள், எல்லாரும் பிள்ளைகளைப் பார்க்க வந்த கிழங்கள், ஸ்வெட்டரும் விளையாட்டுச் செருப்புமாக. குழந்தை என்னாச்சு என்று கேட்டார்கள். நான் என்ன, பொய்யா சொல்ல முடியும்? நடந்ததைச் சொன்னேன். ருசிக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பேன். ரெபெக்கா காதில் ரகசியமாக வழி சொல்லி அனுப்பினாள், தபாலம்மா தன் கார் சாவியையே எடுத்து நீட்டினாள், இப்படி. பெயர்களும் சொன்னேன். அப்போது நிஜப் பெயர்.

அந்த மாநிலத்தில் இன்னொரு சட்டம் உண்டாம். இந்த வைத்தியத்துக்குக் கைகொடுத்தவன் மேல் போகிற வருகிறவன் எவன் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். பக்கத்து வீட்டுக்காரன் போடலாம், நடைக்கூட்டத்துக் கிழவனின் மருமகன் போடலாம். எனக்கு எப்படித் தெரியும்? வெற்றி அன்றைக்கு என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அமைதியாக விமான டிக்கெட் பார்த்தாள்.

அதே சமயத்தில் மாநில சட்டசபையில் புதிதாக ஒரு மசோதா. பெண்ணை எல்லை தாண்டிக் கூட்டிப் போகிறவர்களையும் உள்ளே தள்ள வேண்டும் என்று. அதாவது வண்டி ஓட்டின புருஷனையும், மடியில் தலையைத் தாங்கின அப்பனையும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மசோதாவை விசாரிக்கிற குழுவின் முன் போய்ப் பேசலாமாம், ஆளுக்குக் கொஞ்ச நேரம். ஊரார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிடறேன் என்று வெற்றி பெயர் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். எவ்வளவு கூட்டம் பார்த்த குரல் இது.

விமான நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள். "அப்பா, நீங்க ஒரு வார்த்த கூட்டிச் சொன்னீங்கன்னா, நான் சொல்ற எல்லாம் பொய்யாயிடும். அவங்க அதுக்குத்தான் காத்துட்டிருக்காங்க. நான் நடந்தத மட்டும் சொல்லப் போறேன். நீங்க ஊருக்குப் போங்க."

நான் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். அதை இப்போதும் சொல்வேன். ஆனால் வந்துவிட்டேன்.

இன்றைக்கு விடிகாலை, அங்கே அது நேற்று சாயங்காலம், அந்தக் கூட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள். ஜங்ஷன் டீக்கடையில் பன் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். நீலப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். தியாகு பின் வரிசையில். பேச ஆரம்பித்தாள். எனக்கு முழுசாகப் புரிகிற இங்கிலீஷ். பனிக்குடம் உடைந்தது, இதயம் துடித்தது, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், காய்ச்சலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். ரெபெக்கா பெயர் இல்லை, லோரெட்டா பெயர் இல்லை. என் உண்ணாவிரதமும் இல்லை, விட்டுவிட்டாள். மேலே ஒரு வரிசையாக உறுப்பினர்கள். நடுவில் இருந்த ஒருவர் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெற்றி நிறுத்தினாள். அந்த ஆள் போனையே பார்க்கிறார். இவள் அவரையே பார்க்கிறாள். நேரம் ஓடுகிறது, திரையில் சின்னதாகக் கடிகாரம் காட்டுகிறார்கள், அவளுக்குக் கொடுத்த நேரம் வீணாகப் போகிறது. பேசும்மா என்று நான் டீக்கடையில் இருந்து சொல்கிறேன். அவள் பேசவில்லை. அறை முழுக்க அமைதி. கடைசியில் அமைதி உறுத்தித்தான் அந்த ஆள் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்த பிறகுதான் அவள் தொடர்ந்தாள், "எனக்குப் பிறக்க இருந்த குழந்தை..." என்று. அதற்குள் குழுத் தலைவர் சுத்தியலைத் தட்டினார், நேரம் முடிந்தது என்றார்.

"நான் இன்னும் முடிக்கவில்லை" என்றாள்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பேசினாள். ஒரு சத்தமும் வரவில்லை. உதடு அசைகிறது, நீளமாகவே பேசுகிறாள், பின்னால் தியாகு எழுந்து நிற்கிறார், அவரைப் பார்த்து இன்னும் சில பெண்கள் எழுந்து நிற்கிறார்கள். போன்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். முடித்துவிட்டுத் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். மசோதா என்னவாகும் என்று தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது.

சம்பந்தி முதலில் அதைத்தான் கேட்கப் போகிறார். மைக்கை அணைத்த பிறகு என் மருமகள் அங்கே என்ன சொன்னாள், யார் மானத்தை எடுத்தாள் என்று. நீங்களும் கேட்கத்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. நான் அவளுக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தவன். அந்த உதட்டசைவுக்கு வார்த்தை போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? இந்தப் பஸ்ஸே அழுகிற மாதிரிப் போடுவேன்.

உதடு அசைந்தது சார். சத்தம் கேட்கவில்லை. அவ்வளவுதான் நான் பார்த்தேன், சம்பந்தியிடமும் அவ்வளவுதான் சொல்வேன்.